கல்லீரலை ஒருமுறை பார்த்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

"எஸ்ஜிபிடி நார்மல்தான், இனி டாக்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது" என்று, கல்லீரலுக்கான அந்த ரத்தப் பரிசோதனையை நம்பி எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

ஹெபடைடிஸ் சி வைரஸை ஒழிக்க இன்டர்ஃபெரான் ஊசி, ரிபாவிரின் மாத்திரை என்று 48 வாரம் நீ பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். ஊசி போட்ட ராத்திரியெல்லாம் இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டிக்கொள்ளும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். ரத்தம் குறைந்து நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். அத்தனைக்கும் பிறகு வைரஸ் திரும்பிவிட்டது என்றால் யாருக்குத்தான் வெறுத்துப் போகாது? உனக்கு இருக்கும் ஜீனோடைப் 1 என்ற வைரஸ் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தச் சிகிச்சை பலிக்கவில்லை. உன் மேல் ஒரு குறையும் இல்லை, கண்ணு.

ஆனால் வைரஸ் உள்ளே இருக்கும்வரை கல்லீரலில் அழற்சியும் இருக்கும். அது புண்ணாவதும் ஆறுவதுமாக நார்த்தழும்பு சேர்ந்துகொண்டே போகும். அந்தத் தழும்பை எஃப்0-விலிருந்து எஃப்4 வரை படிப்படியாகக் குறிப்பார்கள். எஃப்4 வந்தால் சிரோசிஸ், அதாவது தழும்பேறிக் கல்லீரலே இறுகிப்போன நிலை. அதுவரை வலியே தெரியாமல் போகலாம். எஸ்ஜிபிடி இப்போது செல்கள் எவ்வளவு சிதைகின்றன என்பதைத்தான் காட்டும், இத்தனை வருஷம் சேர்ந்த தழும்பைக் காட்டாது. சிரோசிஸ் வந்தவர்களுக்கும் அது நார்மலாக இருப்பதுண்டு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் உனக்கு எவ்வளவு என்று நீ எழுதவே இல்லையே. அது வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்தால் தழும்பு முற்றுகிறது என்று அர்த்தமாகலாம், அதுதான் எனக்குப் பயம்.

உன்னைப் போலச் சிகிச்சை பலிக்காதவர்களில், தழும்பும் முற்றிப்போன 1,050 பேரை வைத்து அமெரிக்காவில் ஹால்ட்-சி என்று ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் குறைந்த அளவு இன்டர்ஃபெரானை மூன்றரை ஆண்டு தொடர்ந்து கொடுத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் ஒரே மாதிரி மூன்றில் ஒருவருக்கு நோய் முற்றியிருந்தது. வைரஸைத் துப்புரவாக ஒழிக்காமல் கல்லீரலைக் காக்க முடியாது என்று அதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

இன்றைக்கு அதை ஒழிக்க வழி இருக்கிறது. ஊசியே கிடையாது. சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர், தினம் ஒரு மாத்திரை, 12 வாரம். இன்டர்ஃபெரானில் பலிக்காதவர்களையும் சேர்த்து 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால் வாக்ஸிலாப்ரெவிர் சேர்ந்த மாத்திரை 2017-லிருந்து இருக்கிறது.

முதலில், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடு. மூணு மணி நேரம் வெறும் வயிறு, பத்து நிமிஷ வேலை, வலி இல்லை. வைரஸ் அளவையும் பிளேட்லெட்டையும் பார்க்கச் சொல். ஹெபடைடிஸ் பி பரிசோதனையை விட்டுவிடாதே. அது உள்ளே பதுங்கியிருந்தால் இந்த மாத்திரையைத் தொடங்கியபின் கிளம்பிவிடக்கூடும். நெஞ்செரிச்சலுக்கு நீ போடும் மாத்திரையையும் டாக்டரிடம் சொல், அது வெல்படாஸ்விரை உடம்பில் சேரவிடாது. ஸ்கேனில் சிரோசிஸ் என்று வந்தால், வைரஸ் போன பிறகும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். புற்றுநோய் வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதற்குத்தான்.

உன் பழைய ரிப்போர்ட்டுகள், ஜீனோடைப் தாள் உட்பட, எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஸ்கேனுக்குத் தேதி வாங்கியதும் சொல், எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
அம்மா