ஆஷ்வில் மலைகளிலிருந்து ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான உறவுகளுக்கு,

ஸ்தோத்திரம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஆஷ்வில் ஊரை ஹெலீன் புயல் புரட்டிப் போட்டு ஓராண்டு ஆகிறது. அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்த ஒவ்வொருவரையும் தேடிப்போய் நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் பலருடைய பெயர்கூடத் தெரியாது. வந்தார்கள், வேலையை முடித்தார்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்தப் பொது மடல். ஆங்கிலத்தில் எழுதிய ஒன்று எங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. தமிழில் தனியாக எழுதக் காரணம், உதவியவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மற்றவர்கள் செய்தது நம் மக்களுக்கும் தெரிய வேண்டும்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். ஊரில் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை, இங்கே எப்பிஸ்கோப்பல் திருச்சபை. இரண்டும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை என்பதால் இங்கு வந்து சேர்ந்தபோது ஆராதனை முறை அந்நியமாகத் தெரியவில்லை. மேற்கு வட கரோலினா திருமண்டலம் என்பது ஆப்பலாச்சிய மலைகளில் சிதறிக் கிடக்கும் சிறியதும் பெரியதுமான சபைகளின் கூட்டம். 1895இல் மிஷனரி மாவட்டமாகத் தொடங்கி 1922இல் தனித் திருமண்டலம் ஆனது. பல சபைகளில் ஞாயிறு காலை ஐம்பது பேர் கூடினாலே பெரிய கூட்டம்.

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உதயமான அதே தேதி. ஊரிலிருந்து சபை நாள் வாழ்த்துகள் வாட்ஸப்பில் வந்து குவிந்திருக்கின்றன. எங்கள் கைப்பேசிகளில் சிக்னல் இல்லை. புயல் முந்தின நாள் இரவுதான் புளோரிடாவில் கரையேறியது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் மலைமேல் இருக்கிறோம், புயல் நம்மை என்ன செய்யும் என்றுதான் இங்கே எல்லோருக்கும் எண்ணம். ஆனால் அதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. மிட்செல் மலைப் பக்கம் பியூசிக் என்ற இடத்தில் மூன்று நாளில் 30 அங்குலத்துக்கும் மேல் கொட்டியது. ஸ்வானனோவா ஆறும் பிரெஞ்ச் பிராட் ஆறும் 1916 வெள்ளத்தின் அளவைத் தாண்டின. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எங்களுக்குப் போனது வாடகை வீட்டின் கீழ்த்தளமும் ஒரு காரும். உயிரோடு இருக்கிறோம், தேவனுக்கு ஸ்தோத்திரம்.

முதல் நன்றி எங்கள் சபையின் மூத்தவர் ஒருவருக்கு. எண்பதை நெருங்கும் வயது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நகரின் பெரிய நீர்த்தேக்கமான நார்த் ஃபோர்க்கிலிருந்து வரும் குழாய்களை வெள்ளம் பிடுங்கி எறிந்துவிட்டது. தேக்கத்துத் தண்ணீரோ சேறாகிவிட்டது. குடிக்க போத்தல் தண்ணீர் எங்கேயாவது கிடைத்துவிடும். கழிப்பறைக்கு? அதை யாரும் வெளியே பேசுவதில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதுதான் பெரிய பாடு. அவர் பழைய பெயின்ட் வாளிகளை ஓடையில் நிரப்பி, பிக்கப் வண்டியில் அடுக்கி, காலையிலேயே வந்துவிடுவார். நீல டேப் ஒட்டிய வாளி கழிப்பறைக்கு, வெள்ளை டேப் ஒட்டியது தரை கழுவ. கை அறுக்காமலிருக்க வாளிப் பிடியில் கிழிந்த துணி சுற்றியிருப்பார். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை, அதாவது மாமியார், இருந்தார். ஆங்கிலம் அவ்வளவாக வராது. "அந்தப் பெரியவருக்கு முதுகு வலிக்காதா? எந்திரிச்சுப் போய் வாங்கு" என்று எங்களை விரட்டுவார். வாங்கப் போனால் அவர் தர மாட்டார். மாடிப்படி ஏறிக் குளியலறை வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார். எங்கள் தெருவில் மட்டும் எத்தனை வீடுகளுக்கு இப்படிச் செய்தார் என்று பிறகுதான் தெரிய வந்தது. ஐயா, உங்களுக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் ஜெபம் உண்டு.

இந்தத் தண்ணீர்ப் பாடு சீக்கிரம் தீரவில்லை. படிகாரம் போட்டுச் சேற்றைப் படியவைக்கப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தபோது அத்தைக்கு ஒரே மகிழ்ச்சி, "நம்ம ஊர் வழிதானே!" என்றார். கழிப்பறைக்கு ஆகும் அளவுக்குக் குழாயில் தண்ணீர் முதலில் வந்தது. குடிக்கலாம் என்று நகராட்சி சொன்னது நவம்பர் 18 அன்றுதான். 53 நாள். அத்தனை நாளும் தண்ணீர் லாரி ஓட்டியவர்கள், பிற மாநிலங்களிலிருந்து வந்து மின்கம்பம் நட்டவர்கள், கைப்பேசி செத்துக் கிடந்தபோது வானொலியில் மாவட்ட அறிவிப்புகளைத் தவறாமல் ஒலிபரப்பியவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அடுத்து எங்கள் குருவானவர் அம்மாவுக்கு. புயலுக்குப் பின் வந்த ஞாயிறு, செப்டம்பர் 29, மிகாவேலும் சகல தூதரும் திருநாள். ஆலயத்தில் மின்சாரம் இல்லை. புல்வெளியில் மடிப்பு மேசை ஒன்றைப் போட்டுத் திருவிருந்து நடத்தினார். சேற்றுக் காலணியோடு நின்றோம். 46ஆம் சங்கீதத்தில் தண்ணீர்கள் கொந்தளிப்பதும் மலைகள் அதிர்வதும் வரும் வரிகளை வாசிக்கும்போது வாசித்தவருக்குக் குரல் நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான்: யார் யார் இன்னும் வரவில்லை, அவர்கள் வீட்டுக்கு யார் போகிறீர்கள்? சபைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். சாலை இல்லாத இடத்துக்கு நடந்தே போனார்கள். தனியாக இருந்த இரண்டு பேரை அன்று மாலைக்குள் அழைத்து வந்தார்கள். பதிவேடு என்றால் சந்தா எழுதத்தான் என்று நினைத்திருந்தேன். எதற்காக அதை வைத்திருக்கிறோம் என்று அன்று பார்த்தேன்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஆக்சிஜன் இயந்திரம், யாருக்கு ரத்த அழுத்த மாத்திரை தீரப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அத்தையின் இன்சுலின் கெட்டுப் போகாமல் ஐஸ் பெட்டியில் காத்தது அவர்தான். ஐஸ் எங்கிருந்து வாங்கினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. வண்டி போகாத மலைக் கிராமங்களுக்குக் கோவேறு கழுதைகளில் மருந்தும் உணவும் ஏற்றிக்கொண்டு போனவர்களை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டைச் சுத்தம் செய்ய வந்த பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாக்ஸ்வில், சார்லட், கிரீன்வில் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்தார்கள். கிரீன்வில்லிலும் புயல் அடித்து, பல வீடுகளில் மின்சாரமே இல்லை. அந்த நிலையிலும் வந்தார்கள். வெள்ளச் சேறு வெறும் மண் அல்ல. சாக்கடை, டீசல், செத்த மீன் எல்லாம் கலந்தது. சுவர்ப்பலகை இடுப்பளவு ஊறியிருந்தது. கடப்பாரையால் பெயர்த்து, உள்ளே இருந்த ஈரப் பஞ்சை வாரி, தள்ளுவண்டியில் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். முகமூடியைக் கழற்றினால் குமட்டும். பதினேழு வயதிருக்கும் ஒரு பெண், சேற்றுக்குள்ளிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். எடுத்தவள் குப்பையில் போடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவே பேப்பர் துவாலை வைத்து, நல்ல தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். பாதிப் படங்கள் போய்விட்டன. மீதி இன்று எங்கள் அலமாரியில் இருக்கின்றன. மகளே, உன் பெயரைக் கேட்க அன்று தோன்றவில்லை. இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால், அத்தை உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

சார்லட் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன சொல்ல! சாலை திறந்ததும் இரண்டு வேன் நிறையப் பொருளோடு வந்து இறங்கினீர்கள். பொன்னி அரிசி, பருப்பு, இட்லிப் பொடி, எரிவாயு அடுப்பு, பெரியவர்களுக்கான டயப்பர், பெண்களுக்குத் தேவையான பொருட்கள், எதையும் மறக்கவில்லை. உங்களில் பலர் இந்துக்கள், சிலர் முஸ்லிம்கள். ஆலய மண்டபத்திலேயே அடுப்பு மூட்டி, சாம்பார் சோறு வடித்து, வந்தவர்களுக்கெல்லாம் போட்டீர்கள். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில்தான் அப்படிப் பந்தி பார்த்திருக்கிறேன். இங்கத்து ஆட்கள் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள். அதே வாரம் ஹெண்டர்சன்வில் ஆப்பிள் தோட்டப் பக்கத்திலிருந்து ஸ்பானிஷ் பேசும் பெண்கள் அண்டா நிறையத் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் வேலையை இழந்திருந்தவர்கள். அத்தையும் அவர்களும் கையாலேயே பேசிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க வெங்காயம் நறுக்கினார்கள்.

பேராயர் ஹோசே மக்லாக்லின் ஐயாவுக்கும் திருமண்டல அலுவலகத்தாருக்கும் சபைகள் வழியாக நன்றி சொன்னோம். ஆனாலும் நான் வெளிப்படையாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஊரில் திருமண்டலச் செய்தி என்று வாட்ஸப்பில் வருவதில் பாதி தேர்தல், இடமாற்றம், வழக்கு. கேட்டுக் கேட்டு மனம் கசந்துபோனவர்கள் நம்மில் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே பார்த்தது வேறு. ஒரு சபையில் தண்ணீர் தீர்ந்தால் இன்னொரு சபையிலிருந்து வண்டி வந்தது. 1940 முதல் இயங்கும் எப்பிஸ்கோப்பல் நிவாரண, வளர்ச்சி அமைப்பின் பணமும் நாடெங்கும் உள்ள சபைகளின் காணிக்கையும் திருமண்டலம் வழியாக வந்தன. வாடகை கட்ட முடியாதவர்களுக்கு வாடகை, கொதிகலன் போனவர்களுக்குக் கொதிகலன். உறுப்பினரா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஆலயத்துக்கும் போகாதவர். அவர் வீட்டுக் கூரைதான் முதலில் போடப்பட்டது, ஏனென்றால் அவர் வீட்டில்தான் கைக்குழந்தை. திருமண்டலம் இப்படியும் இருக்கலாம் என்பதை ஊரில் இருக்கும் நம் உறவுகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ச் சபைகளிலும் இதைச் செய்யும் நல்ல குருமாரும் சபையாரும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது செய்தியில் வருவதில்லை.

இன்னொன்று. பில்ட்மோர் வில்லேஜில் உள்ள சகல ஆத்துமாக்கள் பேராலயம்தான் எங்கள் திருமண்டலத்தின் தலைமை ஆலயம். ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டுவித்து, ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் வடிவமைத்து, 1896இல் பிரதிஷ்டை ஆனது. 1995இலிருந்து பேராலயம். அதற்குள்ளேயே வெள்ளம் புகுந்துவிட்டது. அதைச் சீரமைப்பது ஓரிரு ஆண்டில் முடியும் வேலை அல்ல. தங்கள் ஆலயம் சேற்றில் கிடக்கும்போது அந்தச் சபையார் சிலர் எங்கள் மண்டபத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குப் பெட்டி தூக்கினார்கள். "எங்களுக்கும் ஏதாவது வேலை கொடுங்கள்" என்று கேட்டுத்தான் வந்தார்கள். அவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது. அவர்கள் ஆலயத்துக்காக ஜெபியுங்கள், முடிந்தால் கொடுங்கள்.

உணவு வங்கிக்காரர்களையும் மறக்க முடியாது. மான்னா என்ற அந்த உணவு வங்கியின் கிடங்கே வெள்ளத்தில் போய்விட்டது. வேறிடம் பார்த்து உடனே விநியோகத்தைத் தொடங்கினார்கள்.

அப்புறம், பிந்தி வந்தவர்கள். கேமராக்கள் கிளம்பிய பிறகு, கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு, குளிர் எலும்பைத் துளைத்த ஜனவரியில் வந்தவர்கள். மழை இரைச்சல் கேட்டாலே என் மகன் படுக்கையை விட்டு எழுந்து ஜன்னலோரம் நின்றுகொள்வான். வாரம் ஒரு மாலை மண்டபத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரையச் சொல்லி, பேச விட்டு, பேசாதவனை விட்டுப் பிடித்த அந்த இளம் தம்பதிக்கு எங்கள் கடன் பெரிது. இப்போது மழை பெய்தால் அவன் எழுகிறான். ஆனால் போய்த் தூங்கிவிடுகிறான். முதலில் ஓடி வந்தவர்களைவிட நீங்கள் செய்தது குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பாத்திரங்கள் நிறைய எங்கள் வீட்டில் இருக்கின்றன: மூன்று குக்கர், ஒரு பெரிய இட்லிப் பானை, மூடியில் யாருடைய பெயரோ பாதி அழிந்திருக்கும் எவர்சில்வர் தூக்கு. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வருவதற்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அத்தை சம்மதிக்க மாட்டார். ஊருக்குத் திரும்புவதற்குள் எல்லாவற்றிலும் முறுக்கும் அதிரசமும் நிரப்பித் தர வேண்டுமாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆஷ்வில்லில் வாழும் ஒரு பாளையங்கோட்டைக் குடும்பம்
செப்டம்பர் 2025