தராசுத் தட்டில் இறையச்சம்: கடற்கரை ஊர்களின் கிறிஸ்தவ வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் கரைகளில் மீன், நண்டு, பாசி வாங்கும் கிறிஸ்தவ வியாபாரிகளுக்கும் படகு உரிமையாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

இறையச்சம் என்றதும் முழந்தாளும் முக்காடும் மெழுகுதிரியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. விவிலியத்தின் லேவியர் நூல் அதைக் கொடுக்கல் வாங்கலில் வைக்கிறது. காது கேளாதவரைத் திட்டாதே (19:14), விற்பதிலும் வாங்குவதிலும் ஏமாற்றாதே (25:14-17), நொடித்தவரிடம் வட்டி வாங்காதே (25:36), வேலையாளைக் கொடுமையாய் நடத்தாதே (25:43). நான்கு இடத்திலும் கடவுளுக்கு அஞ்சி நட என்று சேர்த்தே சொல்கிறது. திட்டியது காது கேளாதவருக்குத் தெரியாது. தராசில் நடப்பதும் விற்பவருக்குத் தெரிவதில்லை. ஆண்டவருக்குத் தெரியும்.

நனைந்த கூடைக்குக் குத்துமதிப்பாக இரண்டு கிலோ கழிக்கிறோம். 10 கிலோ 400 கிராமைப் பத்தாக்குகிறோம். பாசிக்கு மண், ஈரம் என்று கழிவு பிடித்துவிட்டு விலையிலும் குறைக்கிறோம். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் நிற்கும். ஒரு பெண் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் பாறையிடுக்கில் பிய்த்தெடுத்த பாசி அது. காய்ந்ததில் நூறு கிராம் போனால், அந்தப் பெண் கடலில் எடுத்ததில் ஒரு கிலோ போகிறது.

வெறுங்கூடையை முதலில் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். எண் தெரியும் பக்கம் விற்பவரைப் பார்த்திருக்கட்டும். கிராமையும் சீட்டில் எழுதுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது கொடுத்த முன்பணத்தைக் காட்டி, பிறகு மீனை அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் வட்டிதான். பெயர்தான் வேறு.

1693இல் ஓரியூரில் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டது எதனால்? திருமுழுக்குப் பெற வந்த மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று கேட்டதிலிருந்துதான் அந்தப் பகை மூண்டது. அவர் இரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணைப் பயபக்தியோடு வீட்டுக்குக் கொண்டுவரும் நாம் தராசில் மட்டும் சலுகை கேட்கலாமா?

இதுவரை எடுத்ததற்கும் வழி இருக்கிறது. லேவியர் 6:5 சொல்வது: முழுத்தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவரிடமே கொடு. 100 ரூபாய்க்கு 120. பரிகாரப் பலி அதற்குப் பிறகுதான் வருகிறது. இயேசுவைச் சந்தித்த வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். திருவிழாத் தேருக்குத் தரும் நன்கொடை இதற்கு ஈடாகாது. அந்தப் பணம் கோயிலுடையதல்ல, பாசி எடுத்தவருடையது. பழைய சீட்டுகளைப் புரட்டி, இந்த ஆண்டுக் கொடியேற்றத்துக்கு முன் அவரவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்கு மக்கள்