கொடி சுமந்து மலையேறப் போகும் மகளுக்கு

அருவங்காடு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். இரண்டு நாளாக மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

அமெரிக்காவிலிருந்து போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "ஆபீஸில் எல்லாரும் செப்டம்பரில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு மூசிலாக் மலை ஏறுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். அது அவங்க கொடி, அவங்க துக்கம். நடுவுல நான் எதுக்குப்பா?" என்று கேட்டாய்.

போ, கண்ணு. கட்டாயம் போ.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால்தான் போவோம். சாவு என்றால் காதில் விழுந்தாலே போதும், போட்ட வேலையைப் போட்டபடி கிளம்பிவிடுவோம். செத்தவர் யார், எந்தச் சாதி, நமக்கு என்ன முறை என்று அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உன்னை அவர்கள் கூப்பிட்டே இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீ சொன்ன பிறகு அதைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் பயங்கரவாதிகள் விமானங்களை மோதிய 2001 செப்டம்பர் 11 செவ்வாய்க்கிழமை. அந்த வாரமே சனிக்கிழமை, 15-ம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நண்பர்கள் சிலர் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு லிபர்ட்டி மலை உச்சிக்கு ஏறியிருக்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, எந்த அதிகாரியும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அது அந்த மாநிலத்தில் 4,000 அடிக்கு மேலான 48 உச்சிகளுக்கும் பரவிவிட்டது. இன்றைக்கும் செப்டம்பர் 11-ஐ ஒட்டிய சனிக்கிழமையில் ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு குழு ஏறுகிறது. பகல் 12 மணிக்குக் கொடி ஏறும், 2 மணிக்கு இறங்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டு மணி நேரம்தான். ஏறினோம், படம் பிடித்தோம், இறங்கினோம் என்றில்லாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் நிற்க வேண்டும். துக்க வீட்டில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்போமே, அதற்குச் சமானம் அது.

மலை எதற்கு, ஊர் மைதானத்தில் ஏற்றினால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அன்றைக்கு நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 110 மாடிக் கட்டடம். எல்லாரும் இறங்கி ஓடிவரும்போது, இவர்கள் கனமான கருவிகளை முதுகில் சுமந்துகொண்டு படியேறிப் போனார்கள். அப்படிப் போனவர்களுக்காக ஒரு நாள் முதுகில் சுமையோடு மூச்சு வாங்க ஏறுவது பொருத்தமான காரியம்தான். உடம்பு வருந்திச் செய்கிற மரியாதைக்கு ஒரு கனம் உண்டு. காவடி எடுக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொத்தம் 2,977 பேர் போனார்கள். அவர்கள் 90-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. கம்ப்யூட்டர் வேலைக்கு என்று உன்னைப் போலவே போன பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களும் இங்கே எங்களைப் போலத்தான் போனுக்காகக் காத்திருந்திருப்பார்கள். ஆகவே, 'அவங்க துக்கம்' என்று நீ ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021 டிசம்பர் 8 உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது அங்கே இருந்தாய், டிவியில் பார்த்துவிட்டு அழைத்தாய். காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்த அன்று மலை முழுக்க மேகம். முதலில் ஓடியவர்கள் அந்தச் சின்னக் கிராமத்துச் சனங்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் கிடையாது. வீட்டில் தாங்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியையும் போர்வையையும் கொடுத்து, அதிலே ஆட்களை வைத்துத் தூக்கிவந்தார்கள். நீலகிரி டிசம்பர் குளிரில் ஒரு கம்பளி என்றால் என்ன என்று உனக்கே தெரியும்.

உள்ளே இருந்தவர்கள் யார்? முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உத்தராகண்டின் பௌரி கர்வால் மலைக்காரர். ஒருவர் டார்ஜிலிங், ஒருவர் திருச்சூர், ஒருவர் சித்தூர்ப் பக்கம். ஒருவரையும் இந்தச் சனங்களுக்குத் தெரியாது. அவர்கள் பாஷையும் தெரியாது. அன்று 13 பேர் போனார்கள், பிழைத்துவிடுவார் என்று எல்லாரும் வேண்டிக்கொண்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் 15-ம் தேதி பெங்களூரில் போய்விட்டார். 

மறுநாள் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமான எம்.ஆர்.சி.யில் மரியாதை முடிந்து, ஆம்புலன்ஸ்கள் வரிசையாக சூலூர் விமானப்படைத் தளத்துக்கு இறங்கின. குன்னூரில் ரோட்டோரமாக நானும் நின்றேன். எனக்குப் பக்கத்தில் தேயிலை பறித்துவிட்டு நேராக வந்த அம்மாள் ஒருத்தி, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை. பூ வாங்கக் காசில்லையோ, நேரமில்லையோ, வேலியோரத்தில் பூத்திருந்ததைப் பறித்து முந்தானையில் வைத்திருந்தாள். வண்டி வந்ததும் இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். விரலெல்லாம் தேயிலைக் கறை. அவளுக்கு அந்த வண்டியில் இருப்பவர்கள் என்ன உறவு? உனக்கு நான் சொல்ல வந்தது முழுக்க அவள் கையில் இருந்தது, பாப்பா.

நீ இன்னொன்றும் சொன்னாய், தயங்கித் தயங்கி. அந்தக் கொடியின் பேரில் பிறகு எத்தனை யுத்தம், எத்தனை ஊர் அழிந்தது, நம் நிறத்து ஆட்களை எப்படிப் பார்த்தார்கள் என்று. அது நியாயமான பேச்சு. நான் பட்டாளத்தில் இருந்தவன், அதை லேசாகத் தள்ளமாட்டேன். லிபர்ட்டி மலையில் முதல் கொடி ஏறிய அதே 2001 செப்டம்பர் 15-ல்தான் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதியைச் சுட்டுக் கொன்றார்கள். மேசா என்ற ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த சர்தார். தலைப்பாகையைப் பார்த்துவிட்டு, எதிரி இவன்தான் என்று ஒருவன் சுட்டான். பங்குக்கு வெளியே செடி வைத்துக்கொண்டிருந்த மனிதர். அன்று காலை கடைக்குப் போன இடத்தில் பையில் இருந்த பணத்தை நியூயார்க்கில் இறந்தவர்களுக்கான நிதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஆனால் இதனாலேயே நீ போக வேண்டும் என்கிறேன். அந்தக் கொடியை யார் பிடிக்கிறார்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. மூசிலாக் உச்சியில் நம் வீட்டுப் பெண் கை வைத்துப் பிடித்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் பல்பீர் சிங்கும் நினைக்கப்படுவார். கூட வருகிறவர்கள் கேட்டால் அவர் பெயரைச் சொல். வாதத்துக்காகச் சொல்லாதே, செத்தவர்களின் கணக்கில் சேர்த்துச் சொல். கேட்காவிட்டால் மனத்துக்குள் சொல்லிக்கொள், அதுவும் போதும். அரசாங்கம் செய்ததற்கெல்லாம் செத்தவர்கள் பொறுப்பில்லை. படியேறிப் போன அந்த 343 பேர் யார் மீதும் படையெடுக்கவில்லை.

உச்சியில் இறந்தவர்களுக்கு அடையாளம் வைப்பது நம் மலைக்கும் புதிது கிடையாது. நீலகிரியின் பல மேடுகளில் வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமக்குழிகள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் 19-ம் நூற்றாண்டில் அவற்றைத் தோண்டி, பானை, வெண்கலக் கிண்ணம், ஈட்டி என்று எடுத்தவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நீ அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வா, அவை நம் மலையின் சொத்து. முக்கூர்த்தி உச்சி வழியாகத்தான் உயிர் மறு உலகம் போகிறது என்று தோடர்கள் சொல்வதாகவும் கேட்டிருப்பாய். சமவெளியில் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு மயிற்பீலி சூட்டினார்கள். இன்றைக்கு அதன் இடத்தில் துணிக்கொடி வந்திருக்கிறது.

இங்கே சுதந்திர தினத்தன்று பையன்கள் பைக்கில் கொடி கட்டிக்கொண்டு தொட்டபெட்டாவுக்குப் பறக்கிறார்கள். உற்சாகம் இருக்கட்டும், சந்தோஷம்தான். மறுநாள் ரோட்டோரத்தில் மிதிபட்டுக் கிடக்கிற காகிதக் கொடியைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. நான் குனிந்து பொறுக்கி வருவேன், அம்மா திட்டுவாள். கொடியை ஏற்றத் தெரிந்தவனுக்கு அதைப் பத்திரமாக இறக்கி மடிக்கவும் தெரிய வேண்டும்.

அதனால் இப்போது வேலையைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

மூசிலாக் 4,802 அடி. நம் குன்னூரே ஏறக்குறைய 6,000 அடி, இது ஒரு மலையா என்று நினைத்துவிடாதே. இங்கே 8,000 அடியிலும் சோலை இருக்கிறது. அங்கே நாலாயிரத்து சொச்சத்திலேயே மரம் நின்றுபோய் மொட்டைப் பாறை வந்துவிடும், காற்றுக்கு மறைவே இருக்காது. அதே மலைத்தொடரில் வாஷிங்டன் சிகரத்தில் 1934-ல் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததை அளந்திருக்கிறார்கள். கீழே வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு மூன்றும் பையில் இருக்கட்டும்.

பாறையில் முளைக்குச்சி இறங்காது. கம்பத்துக்கு மூன்று பக்கமும் கயிறு இழுத்துப் பெரிய கல்லில் சுற்றிக் கட்ட வேண்டும். கல் இடுக்கில் முளைத்திருக்கிற குட்டைச் செடிகளை மிதிக்கக் கூடாது. நம் புல்வெளி மாதிரிதான், ஒருமுறை நசுங்கினால் திரும்ப வர ஆண்டுக்கணக்காகும். முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுங்கள். இரண்டு மணி நேரம் குளிரில் நின்ற விரலுக்கு இறுகிய முடிச்சை அவிழ்க்கத் தெம்பு இருக்காது. நான் பனியில் பல்லால் கடித்து அவிழ்த்திருக்கிறேன். இடி சத்தம் கேட்டால் மணி பார்க்காதே. கம்பத்தைச் சாய்த்துவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். மரியாதை அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மடிப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. நாம் காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரிய இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு போவோம். அவர்கள் நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, கோடு போட்ட முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் நட்சத்திரம் போட்ட நீலம் மட்டும் வெளியே தெரியும். இரண்டு பேராக மடிக்க வேண்டும், துணி தரையில் படக் கூடாது. வீட்டில் ஒரு போர்வையை வைத்துப் பழகிக்கொண்டு போ. அங்கே போய் முழிக்காதே.

2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிமலையில் சோனம் என்ற ராணுவக் காவல் போஸ்ட்டில் பனி சரிந்து நம் 19 மெட்ராஸ் பட்டாலியனில் 10 பேர் புதைந்தது உனக்குத் தெரியும். அப்பா ஏன் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று நீ அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாய். பத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே அது. ஆறு நாள் கழித்து அவர்களில் ஹனுமந்தப்பா ஒருவரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள், 11-ம் தேதி அவரும் போய்விட்டார். அந்த இடத்துக்கு நானோ நீயோ போய் ஒரு பூ வைக்க முடியாது. கால் போகிற தூரத்தில் ஒரு உச்சி இருந்து, கூட ஏற நாலு பேரும் இருந்தால் போய்விட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஷூ பழையதையே போட்டுக்கொள், புதுசு காலைக் கடிக்கும். இரண்டு லிட்டர் தண்ணீராவது வைத்துக்கொள். அம்மா அனுப்பிய கடலை மிட்டாய் மிச்சம் இருந்தால் எல்லாருக்கும் கொடு. உங்கள் பகல் 12 மணி நமக்கு இரவு ஒன்பதரை, கொடி இறங்கும்போது பதினொன்றரை. அதுவரை நான் விழித்திருப்பேன். நீ இறங்கி காருக்கு வந்து சேர எப்படியும் இங்கே விடியற்காலை ஆகிவிடும். எத்தனை மணியானாலும் சரி, வந்து சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு. அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பாள்.

இப்படிக்கு,
அப்பா