கவுண்ட் இறங்கினால் சலுகையும் போச்சா?

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்துபோகும் குடும்பம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நன்றி. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் நோயாளிகள் சலுகையில் கை வைக்கவில்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். வேலைக்கு லீவு போட்டு, சம்பளத்தை இழந்து அலையும் வீட்டுக்கு இது சின்னத் தொகையல்ல.

சிக்கல் தட்கலில் இருக்கிறது. அதில் எந்தச் சலுகையும் செல்லாது. ஆனால் கீமோ தேதி உங்கள் 60 நாள் முன்பதிவுக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. கிளம்புவதற்கு முன் உள்ளூர் லேபில் ரத்தம் கொடுக்கிறோம். ரிப்போர்ட்டை போனில் அனுப்பினால், "வெள்ளையணு கவுண்ட் இறங்கியிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று பதில் வருகிறது. எடுத்து வைத்த டிக்கெட் வீண். அடுத்த வாரத்துக்குப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு கிடக்கும். மிச்சமிருப்பது தட்கல்தான், அதுவும் முழுக் கட்டணத்தில். அவசரப் பயணத்துக்கென்று வைத்த டிக்கெட்டில் இவர்களுக்கும் ஏன் கதவடைப்பு?

அடுத்தது கவுண்டர். மாற்றுத்திறனாளிகளுக்கு ரயில்வே அடையாள அட்டை கொடுத்து, வீட்டிலிருந்தே ஆன்லைனில் சலுகை டிக்கெட் எடுக்க வழி செய்திருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. புற்றுநோயாளிக்கு இன்னமும் காகிதப் பாரம்தான். டாக்டர் கையெழுத்து, மருத்துவமனை முத்திரை, எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தென்காசி என்று எழுதி வாங்கியாயிற்று, இடம் கிடைத்ததோ திருநெல்வேலியிலிருந்து என்றால் கவுண்டரில் கேள்வி வரும். முத்திரையோ 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வரிசையில் நோயாளியே நிற்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் நிற்பவர், வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டில் இருக்க வேண்டியவர்.

இந்தச் சலுகை இருப்பதே பலருக்குப் பக்கத்து பெட்காரர் சொல்லித்தான் தெரிகிறது. முதல் கீமோவுக்கு முழுக் காசு கொடுத்து வந்த பிறகு! கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வாரக்கணக்கில் சென்னையிலேயே தங்கி, இடையில் ஊருக்குப் போய்வருகிறவர்களும் அப்படித்தான். இது மருத்துவமனைகள் செய்ய வேண்டிய வேலையும்கூட, ஓ.பி. சீட்டோடு அந்தப் பாரத்தையும் கொடுத்தால் என்ன?

உங்களிடம் கேட்பவை இரண்டு. சிகிச்சைக் காலம் முழுவதும் செல்லும் அடையாள அட்டை ஒன்று கொடுங்கள். அதைக் காட்டி எந்த நிலையத்திலிருந்தும் ஆன்லைனில் பதிவு செய்ய விடுங்கள். மருத்துவமனை தேதியை மாற்றியதற்குச் சான்று இருந்தால் தட்கலிலும் சலுகை கொடுங்கள். முடியாது என்றால், எதனால் என்று தமிழிலேயே எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் துணையாள்