சாக்குக்குள் கிடக்கும் அந்த அரை மணி நேரம்: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கமுங்க. எந்த கேசட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்: எங்கள் வகுப்புப் பையன்கள் நம் ஹாலில் வாசித்த கச்சேரியை நான் பதிவு செய்தது. பிரதி எடுக்க அதை ஒரு நாள் கொடுங்கள் என்று நான்கு முறை மனு கொடுத்தாயிற்று. "ஃபைல் மேல போயிருக்குதுங்க" என்பதே நான்குக்கும் பதில். நம் கல்லூரி இரண்டு மாடிதான். அதற்கு மேல் எங்கே போகும் என்றுதான் புரியவில்லை.

போன வாரம் ஐந்தாவது முறை. பல்லடத்தில் பட்டறையைச் சாத்திவிட்டு, காந்திபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி பதினொன்று. எதிரே பழைய ஆடியோ ரூம். பழைய பேப்பர்க்காரருக்கென்று எடுத்து வைத்த சாக்கு ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்தது. வாய் கட்டவில்லை. மேலாக ஒரு டிடிகே அறுபது நிமிட கேசட், அதன் முதுகில் சிவப்பு மையில் என் கையெழுத்து. கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஒரு முழம் எட்டவில்லை. கூரை ஒழுகிச் சாக்கின் அடி நனைந்திருந்தது. மூன்றரை மணி வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சாவி வச்சிருக்கறவரு லீவுங்க, நாளைக்கு வாங்க" என்றார்கள். மரியாதைக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை; டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதில் இருப்பது எங்கள் வகுப்புப் பையன்கள் நால்வர் நம் ஹாலில் வாசித்த முதல் பங்க் கச்சேரி. பங்க் என்றால் வேகமும் சத்தமுமான ஒரு ராக் இசை. டிரம் அடித்தவன் சோமனூர்க்காரன். "தறிச் சத்தத்துல தூங்கினவனுக்குத் தாளம் யாரு சொல்லித் தரோணும்" என்பான். மூன்றாம் பாட்டில் கரண்ட் போயிற்று. கிட்டார்கள் ஊமையாகிவிட்டன, டிரம் மட்டும் நிற்கவில்லை. இருட்டில் நாங்கள் பெஞ்சைத் தட்டினோம். எவ்வளவு நேரம்? ஒருத்தன் ஐந்து நிமிடம் என்கிறான், ஒருத்தன் இருபது என்று சத்தியம் செய்கிறான். அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவன்கூட ஜெனரேட்டரைப் போட்டதே தான்தான் என்கிறான். என் டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடியது. உண்மை அதற்கு மட்டும்தான் தெரியும். நூலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று அந்தக் கேசட்டை என்னிடமிருந்து வாங்கி வைத்ததும் கல்லூரிதான்.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறிய ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்து பங்க் குழு வாசித்தது. (பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க.) டிக்கெட் 50 பென்ஸ், வந்தவர்கள் நாற்பது பேர் அளவில். அதைக் கேட்டுவிட்டு மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கிய பீட்டர் ஹுக் என்ற இளைஞர், பிறகு ஜாய் டிவிஷன் என்ற பேர் பெற்ற குழுவில் வாசித்தார். இன்றைக்கு "நானும் அங்கே இருந்தேன்" என்பவர்களை உட்கார வைக்க நம் வ.உ.சி. மைதானம் பத்தாது. ஆனால் அந்த இரவின் ஒலிப்பதிவு தப்பியது, 2016இல் இசைத்தட்டாகவே வந்தது. எங்கள் பையன்கள் அவர்கள் அல்ல. அது எனக்கும் தெரியும். அதற்காகப் பழைய பேப்பர்க்காரருக்கா?

ஈரம் பட்ட நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். அவசரப்பட்டு ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து வரும், அதோடு பாட்டும் போகும். காய வைத்து, நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி, டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, ஒரே ஒருமுறை நிதானமாக ஓட்ட வேண்டும். கேசட் ஓட்டும் டெக், லேப்டாப் எல்லாம் நானே கொண்டு வருகிறேன். எனக்குச் சொந்தமாக வேண்டாம். ஒரே ஒரு நாள் கொடுங்கள், பிரதி எடுத்துவிட்டு உங்கள் கண் முன்னாலேயே திருப்பி வைக்கிறேன்.

விழா மலரில் "பாரம்பரியம்" என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சடிக்கத் தெரிகிறது. முன்னாள் மாணவர் சந்தா கேட்டு மாதாமாதம் மெசேஜ் அனுப்பவும் தெரிகிறது. அந்த ஃபைல் மட்டும் மேலே போய் மாட்டிக்கொள்வதில்லை. பொன்னாடைக்கு ஆகும் செலவில் ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றியிருந்தால் போதுமே!

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கணுங்க. கேட்பது அந்த ஒரு நாள்தான். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டெக்கோடு வருகிறேன். அதுவரை சாக்கை ஈரத்திலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு லீவு போடாமல் இருந்தால் பெரிய உபகாரமாக இருக்குமுங்க.

இப்படிக்கு,
பழைய மாணவன்,
பல்லடம்