மனநல வார்டில் சேர்க்கப்படுவோருக்கு அவர்களது உரிமைகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

அனுப்புநர்:
மனநல சிகிச்சை பெற்றுவரும் மனுதாரர்
(பெயர், முகவரி தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பொருள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவுகள் 22 மற்றும் 72-ஐ வார்டு அளவில் நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பல ஆண்டுகளாக மனநல சிகிச்சை எடுத்துவருகிறேன். அந்தச் சிகிச்சையால்தான் இன்று வேலைக்குப் போகிறேன், குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே இதை மருத்துவர்கள் மீதான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். வார்டில் இருந்தபோது எனக்கு என்னென்ன உரிமைகள் இருந்தன என்பதை, வீடு திரும்பி வெகுநாள் கழித்துச் சட்டத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நோயாளியை வார்டில் சேர்க்கும்போதே அதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நான் சேர்ந்தபோது படிவத்தில் கையெழுத்துப் போட்டது கூட வந்த உறவினர். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து உள்ளங்கையில் வைப்பார்கள். பெயர் கேட்டால், "டாக்டர் எழுதினதுதான், போடுங்க" என்பார்கள். சில நாளில் கை நடுங்க ஆரம்பித்தது, நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் பயந்து கிடந்தேன். அது மருந்தின் பக்கவிளைவு, சரிசெய்துவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எந்தப் பிரிவின் கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறார், நோய் என்ன, சிகிச்சை என்ன, தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்பதை, நோயாளிக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையைப் பிரிவு 22 தருகிறது. "அந்த நிலையில் அவருக்கு என்ன புரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் அதே பிரிவில் பதில் உள்ளது: அப்போது நியமனப் பிரதிநிதியிடம் (நோயாளியின் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவர்) உடனே சொல்ல வேண்டும், நோயாளி தெளிந்ததும் அவரிடமும் முழுமையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது பாதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது என்பது நான் கண்டது.

எந்தப் பிரிவு என்பது வெறும் காகித விஷயம் அல்ல. பிரிவு 86-இன்படித் தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால், மதிப்பீட்டுக்காக மருத்துவர் அதிகபட்சம் 24 மணி நேரம்தான் நிறுத்திவைக்க முடியும். பிரிவு 89-இன்படி நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டால் 30 நாள் வரை வைத்திருக்கலாம். ஆனால் 7 நாட்களுக்குள், பெண்கள், சிறார் என்றால் 3 நாட்களுக்குள், மனநல சீராய்வு மன்றத்துக்கு (இச்சட்டப்படி சேர்க்கைகளை மறுஆய்வு செய்யும் அமைப்பு) தெரிவிக்க வேண்டும். தன் சேர்க்கையை எதிர்த்து நோயாளியே அந்த மன்றத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்றே தெரியாதவர் எதை எதிர்த்து விண்ணப்பிப்பார்?

மன்றத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும், விண்ணப்பப் படிவம் தர வேண்டும், மன்றத்தை இலவசமாக அழைத்துப் பேச அனுமதிக்க வேண்டும் என்று பிரிவு 72 சொல்கிறது. நான் இருந்த வார்டின் சுவரில் பார்வையாளர் நேரமும் "அமைதி காக்கவும்" என்ற அறிவிப்பும் மட்டுமே இருந்தன.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதைத் தங்கள் துறை மறந்திருக்காது. இன்று பிரிவு 95 சங்கிலியிடுவதை அடியோடு தடைசெய்கிறது. கட்டாய மொட்டை கூடாது, சொந்த உடை உடுத்தலாம், மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டியவை தரப்பட வேண்டும் என்கிறது பிரிவு 20. இவை மீறப்பட்டால் முதலில் தெரியவருவது உள்ளே இருப்பவருக்குத்தான். யாரிடம் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே கீழ்க்கண்டவற்றுக்கு ஆணையிடக் கோருகிறேன். அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மனநல நிலையங்களிலும், சேர்க்கையின்போது எளிய தமிழில் ஒரு உரிமைத் தாள் தரப்பட வேண்டும். அதில் சேர்க்கைப் பிரிவு, தரப்படும் மருந்துகளின் பெயர், பக்கவிளைவுகள், மன்றத்தின் எண், இலவச சட்ட உதவி பெறும் வழி ஆகியவை இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் வாசித்துக் காட்ட வேண்டும். தெளிந்தபின் மறுபடியும் ஒருமுறை வாசித்துக் காட்டி, தேதியுடன் பதிவேட்டில் குறிக்க வேண்டும். நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டாலே போதும் என்பதையும் (பிரிவு 14) அந்தத் தாளிலேயே குறிப்பிடலாம். அப்புறம், மன்றத்துக்கு அழைக்க ஒவ்வொரு வார்டிலும் ஒரு தொலைபேசி வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கட்டிலில் இருப்பவர்களிடம், ஊழியர்களைச் சற்று விலகியிருக்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தாள் கொடுத்தார்களா?" என்று கேட்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. தாள் தயாராகும்போது சிகிச்சை பெற்றவர்களிடமும் காட்டிக் கருத்துக் கேளுங்கள். எது புரியும், எது பயமுறுத்தும் என்று எங்களால் சொல்ல முடியும். நானும் வரத் தயார்.

இம்மனுவைப் பிற அலுவலகங்களுக்கு அனுப்பினால், பிரிவு 23 தரும் இரகசியக் காப்பு உரிமையின்படி என் பெயர் உள்ள தனித்தாளை இணைக்காமல் அனுப்புமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்
(கையொப்பம்)