கவிதாவுக்கு, கார்டு பற்றி

கொடைக்கானல்
ஐப்பசி, நல்ல மழை

அன்பு மகள் கவிதாவுக்கு,

நீ தீட்டி அனுப்பிய வாழ்த்துக் கார்டு வந்து சேர்ந்தது. பார்த்ததுமே ஹைட்ராஞ்சியா என்று தெரிந்தது. இதழ் ஓரத்தில் நீலத்தை அடர்த்தியாக வைத்து, நடுவை நோக்கி வெறும் தண்ணீரால் இழுத்து விட்டிருக்கிறாய். அது கை பழகினால்தான் வரும். அம்மா அதை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஸ்டாம்பால் குத்திய கறுப்புக் கோடு கரைந்து இரண்டு இதழ் சாம்பலாகிவிட்டது. உன் பிரஷ் சரியாகத்தான் போயிருக்கிறது, மைதான் காரணம். ஆபீஸ் முத்திரைக்கு வைக்கிற ஸ்டாம்ப் பேட் மை தண்ணீரில் கரையும் சாயம். காய்ந்த மாதிரி இருக்கும், ஈரம் பட்டதும் எழுந்து வந்துவிடும். மேலே வண்ணம் தீட்டப் போகிற அச்சுக்கு நீர்புகாத மை வேண்டும். பேடின் மூடியில் வாட்டர்புரூஃப் என்று போட்டிருக்கும். ஸ்டேஸ்ஆன் போன்ற, தண்ணீருக்குப் பதில் ரசாயனத்தில் கரைத்த சால்வென்ட் மையும் கரையாதுதான். ஆனால் அதைக் கழுவத் தனி கிளீனர் வாங்கணும், கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் ஸ்டாம்பில் கறையும் ஏறும். உனக்கு இப்போது அது வேண்டாம். எந்த மை வாங்கினாலும் ஒரு துண்டுத் தாளில் குத்தி, பத்து நிமிஷம் விட்டு, ஈரப் பிரஷால் இரண்டு தடவை தேய்த்துப் பார். பிரஷ் சுத்தமாக வந்தால் நம்பலாம்.

புதுசாகப் பேட் வாங்கக் கையில் காசு இடிக்கிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள். முதலில் வண்ணம், அது முழுக்கக் காய்ந்த பிறகு அச்சு. அப்போது உன்னிடம் இருக்கிற சாதா மையே போதும். காய்ந்ததா என்று விரல் நுனியால் தொடாதே, எண்ணெய் பட்டுவிடும். புறங்கையை லேசாக வை. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய விடும்மா. அவசரம் வேண்டாம்.

கார்டு வளைந்திருப்பதற்குக் காரணம் தாள். நீ எடுத்தது சார்ட் கனம்கூட இல்லை. வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வேண்டும். பருத்தித் தாள் விலை கூடுதல். பழகுவதற்கு மரக்கூழ்த் தாளே போதும், நல்ல கார்டுக்கு மட்டும் பருத்தி. கோல்டு பிரெஸ் (குளிர் அழுத்தத்) தாளின் சொரசொரப்பு வண்ணத்துக்கு அழகு, அச்சுக்குச் சத்துரு. ஸ்டாம்பின் மை பள்ளத்துக்குள் இறங்காமல் கோடு விட்டு விட்டு விழும். அச்சு முக்கியமான கார்டுக்கு வழவழப்பான ஹாட் பிரெஸ் எடு.

அதைவிட முக்கியம், கார்டின் மேலேயே தீட்டாதே. படம் தனி, கார்டு தனி. ஏ4 அட்டை, 250 ஜிஎஸ்எம் போதும், அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் மடித்தால் 10.5 × 14.8 சென்டிமீட்டரில் ஒரு கார்டு. படத்துக்கான தாளை 9.5 × 13.8 ஆக வெட்டு. சுற்றிலும் அரை சென்டிமீட்டர் வெள்ளை ஓரம் நிற்கும், ஒரு ஏ4 தாளில் நான்கு படம் கிடைக்கும். இருபது கார்டுக்குப் பத்து அட்டை, ஐந்து வாட்டர் கலர் தாள். அதற்கு மேல் இப்போது வாங்கி அடுக்காதே. படம் கெட்டால் அந்தத் துண்டு மட்டும்தான் போகும், கார்டு போகாது. ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். ஃபெவிக்காலில் தண்ணீர் இருக்கிறது, நேராக்கிய தாளை அது மறுபடி வளைக்கும். வளைந்த படத்தை நேராக்க, பின்பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ராத்திரி முழுக்க விடு.

மடிப்பு உடைந்து நார் நாராக நிற்கிறதே, அது அட்டையின் இழை குறுக்கே போனதால். அட்டையை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில்தான் மடிப்பு வர வேண்டும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடி. பள்ளம் கார்டின் வெளிப்பக்கம், மேடு உள்பக்கம். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

உள்ளே நீ ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தாளில் பேனா ஓடியிருக்காது. உள்பக்கத்துக்குச் சாதாரண 100 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளை அதே 9.5 × 13.8 அளவில் வெட்டி, மேல் ஓரத்தில் மட்டும் டேப் போட்டு ஒட்டிவிடு. இங்க் பேனாகூட ஓடும். நீளமாக எழுதணும் என்றில்லை, இரண்டு வரி போதும். வாழ்த்து அட்டையில் வாழ்த்துதான் எழுதணும் என்று சட்டம் கிடையாது.

இனி வண்ணம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தீட்டியிருக்கிறாய், இலைகளில் பட்டை பட்டையாக விளிம்பு நிற்கிறது. பிரஷ் அடுத்த வீச்சுக்குத் திரும்புவதற்குள் முதல் வீச்சு காய்ந்துவிடுகிறது. இங்கே மூடுபனியில் காயவே மாட்டேன் என்கிறது, கோவையில் ஈரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. தீட்டும்போது ஃபேனை அணைத்துவிடு, முடித்ததும் போட்டுக்கொள். புழுக்கத்தில் நெடுநேரம் உட்காராதே. நீ மெலிந்திருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள், நீ அனுப்பிய போட்டோவில் கை மட்டும்தான் தெரிந்தது, அதை வைத்தே சொல்கிறாள்.

மேல் இடதுபக்கம் பூக்கோசு மாதிரி ஒரு திட்டு வந்திருக்கிறதே, அது தாளைவிடப் பிரஷில் தண்ணீர் அதிகமாக இருந்ததால். பாதி காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீர் விழுந்தால், அது வண்ணத் துகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார். பளபளவென்று இருந்தால் என்ன செய்தாலும் கலக்கும். பளபளப்பு மங்கி மெல்லிய மினுக்கம் மட்டும் இருக்கும்போது பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு அடர்த்தியான வண்ணம் தொட்டால் மெதுவாகப் பரவும். மினுக்கமும் போய்விட்டால் கையை எடுத்துவிடு. அந்த நேரத்தில் சரிசெய்யப் போனால்தான் கெடும். முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி நனைத்து ஆரம்பிக்கலாம், அதுவரை தொடாதே.

இதழ்களை ஒன்று விட்டு ஒன்றாகத் தீட்டு, பக்கத்து இதழ் காய்ந்த பிறகு இடையில் உள்ளது. நம் ஊர்ப் பூ நீலமாக இருப்பது மண்ணில் புளிப்பு இருப்பதால். அந்த நீலத்துக்கு அல்ட்ராமரைன் என்கிற அடர் நீலத்தில் ரோஸ் ஒரு துளி. நிழலுக்குக் கறுப்பைத் தொடாதே. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். காய்ந்தால் எல்லாமே ஒரு படி வெளுக்கும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தெரியட்டும்.

அதே இரண்டு நிறத்தில், இங்கே மலை விளிம்பில் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையிலிருந்து தெரியும் மலைகளைத் தீட்டலாம். இந்தக் கார்டு விற்கவும் விற்கும், அப்படி ஒரு எண்ணம் உனக்கு இருந்தால். மிகத் தொலைவு மலைக்கு நிறைய தண்ணீரில் ஒரு சொட்டு வண்ணம். மேல் விளிம்பை அழுத்தமாக இழு. உடனே, அது ஈரமாக இருக்கும்போதே, சுத்தமான ஈரப் பிரஷால் கீழ் விளிம்பைக் கரைத்து ஒன்றுமில்லாமல் விட்டுவிடு. அதுதான் பனி. காய விடு. அடுத்த மலை அதற்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் அடர்த்தியாக. அதற்கும் அடியைக் கரை. மூன்று மலை போதும். நான்காவது போட்டால் பனிக்கு இடம் இருக்காது. அடியில் பைன் மரங்களை அச்சாகக் குத்திவிடலாம்.

ஸ்டாம்பு வாங்கவே வேண்டாம், நீயே செதுக்கு. பெரிய வெள்ளை ரப்பர் ஒன்று, லினோ உளி அல்லது கூர்மையான கட்டர் பிளேடு. மென்மையான பென்சிலால் தாளில் வரைந்து, அதை ரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். எழுத்து செதுக்க அதுதான் வழி, குத்தும்போது நேராக விழும். பிளேடைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்டு. உள்பக்கம் சாய்த்தால் கோட்டின் அடி அரிந்துபோய், கொஞ்ச நாளில் பிய்ந்துவிடும். குறிஞ்சி செதுக்குவதானால் முழுக் கொத்து வேண்டாம், ஒரே ஒரு மணிப் பூ போதும். திருப்பித் திருப்பிப் பல கோணத்தில் குத்து. மை தொடாமல் இரண்டாவது தடவை குத்தினால் வெளிறி விழும், அது பின்னால் இருக்கிற பூ ஆகிவிடும். குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030தான். அதுவரை கார்டில் பூக்கட்டும்.

குத்தும்போது பேடை எடுத்து ஸ்டாம்பின் மேல் தட்டு. ஸ்டாம்பைப் பேடில் அழுத்தினால் ஓரத்தில் மை தேங்கும். தாளுக்கு அடியில் நான்கு மடிப்பு நியூஸ்பேப்பர். நேராக வை, நேராக அழுத்து, நேராக எடு. ஆட்டாதே.

சூட்டில் உருகி அச்சை மேடாக்கும் எம்பாஸிங் பவுடர் பற்றிக் கேட்டிருந்தாய். ஹேர் டிரையரால் நடக்காது, அது பவுடரை ஊதிவிடும், சூடும் பத்தாது. ஹீட் கன் வாங்கினால் அதை முதலில் வெறுமனே சூடேற்றிக்கொண்டு பிறகு தாளருகே கொண்டு போ. பவுடர் பளபளவென்று உருகியதும் நகர்ந்துவிடு. கூட நேரம் காட்டினால் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆகும். அதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

உறைக்கு வருகிறேன். கார்டு இந்த அளவு என்றால் 11.4 × 16.2 உறை சரியாகப் பொருந்தும். மழைக்காலத்தில் கார்டை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பு. முகவரியை பால்பாயின்டில் எழுது; ஜெல் பேனா மை பலதும் ஈரத்தில் கரையும். உன் உறையில் அனுப்புநர் முகவரி பாதி கரைந்திருந்தது. காந்திபுரம், மகளிர் விடுதி என்று படித்தேன். உங்கள் வடவள்ளி வீட்டு முகவரி எங்கும் இல்லை. நான் சரியாகத்தான் படித்தேனா என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை என்கிறாள் அம்மா.

நிறத்தை ராத்திரி விளக்கில் முடிவு செய்யாதே, மஞ்சள் ஏமாற்றும். வடக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும், நாள் முழுக்க மாறாமல் இருக்கும். நம் வீட்டு மேல் அறை ஜன்னல் வடக்குதான். மேசை காலியாக இருக்கிறது, ரஜாயை வெயில் வந்த அன்றைக்கே அம்மா காயப் போட்டு எடுத்துவிட்டாள். கோவையிலிருந்து பழனி வழி பஸ் இருக்கிறது. பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு பார்சல் கட்டியிருக்கிறேன். 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரெஸ் அளவாக வெட்டியது, நீர்புகாத கறுப்பு பேட் ஒன்று, இரண்டாம் நம்பரும் ஆறாம் நம்பரும் ரவுண்ட் பிரஷ், வெள்ளை ரப்பர். தாள் ஈரம் இழுத்தால் அதன் பசைப் பூச்சு போய், வண்ணம் திட்டுத் திட்டாக உறிஞ்சும்; அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன், அதைத் தூக்கிப் போடாமல் தாளோடு வை. வடவள்ளிக்கு அனுப்பவா, காந்திபுரத்துக்கு அனுப்பவா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாலும் சரி. முகவரி கிடைத்த அன்றைக்கே மூஞ்சிக்கல் போய்ப் பார்சலைப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா